அக்கா ஒன்று

என் மைத்துனனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு. என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில், ஊசிக்கும் படுக்கைக்கும் என்று அவன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம். ஊசி வேலை செய்யவில்லை. படுக்கையை அவள் போன அன்று சாயங்காலமே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடன் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

அவள் வேலை பார்த்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான், கீழே சலவைப் பிரிவில். ஒப்பந்த ஆள் என்பதால் பில்லில் சல்லிக்காசு குறைக்கவில்லை. படுத்திருந்தபோது விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "மடிப்பே சரியில்லைங்க, புதுசா யாரோ சேந்திருக்கா" என்றாள். மறுநாள் காலையில் பேச்சு நின்றுவிட்டது.

அவள் தம்பியால் வர முடியவில்லை. வந்தால் திரும்பப் போக விடமாட்டார்கள். அவன் கையில் இருந்த விசாக் காகிதம் அப்படி. போனில்தான் அக்கா முகத்தைக் காட்டினேன். அதுவும் பாதியில் படம் அப்படியே நின்றுவிட்டது. அவன் அந்தப் பக்கம், "மாமா, அசையலையே, லைன் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். லைன் போய்விட்டது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு அவன் கூப்பிடுவது வழக்கமாயிற்று. நான் எடுத்ததும் பணத்தில்தான் தொடங்குவேன்.

"மாப்ள, இந்த மாசம் ஒரு ரெண்டாயிரம் போடறேன்."

"யாரு கேட்டா உங்கள? மொதல்ல சாப்பிட்டீங்களா, அதச் சொல்லுங்க."

"ஆச்சு."

"பொய். பாத்திரம் சத்தமே கேக்கல."

அவன் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவன். பாத்திரத்தின் சத்தத்தை வைத்தே வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவான். அந்த விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது.

ஒரு ஞாயிறு அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே. அக்கா உங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் போடும்ல. அதெல்லாம் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"ஒண்ணு விடாம இருக்கு. எனக்கு அழிக்கவா தெரியும்?"

"அத எனக்கு அனுப்பிடுங்க மாமா. இந்தக் கடன் கணக்கு அதோட தீந்துச்சு" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "உங்க அக்கா குரலுக்கு வெல போடறியாடா?"

"இல்ல மாமா. நீங்க கடன் கடன்னு போன எடுக்கறத நிறுத்த எனக்கு வேற வழி தெரியல." அப்புறம் மெல்லச் சொன்னான்: "என்னக் குண்டூசின்னு கூப்பிட இப்ப ஆளே இல்ல."

சின்ன வயதில் உடம்பு ஈர்க்குச்சி, தலை மட்டும் உருண்டை. அவன் அக்கா வைத்த பேர். அம்மா அப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது அவள்தான். அந்தப் பேரை வேறு யாரும் சொல்ல அவள் விட்டதில்லை. நான் ஒருமுறை விளையாட்டாகக் கூப்பிட்டதற்கு, "நீங்க மாப்ளன்னு சொன்னாப் போதும்" என்றாள். அவள் எனக்கு அனுப்பிய குரல்களில் பாதியில் அந்தப் பேர் வரும். குண்டூசி பேசினான், குண்டூசிக்கு அங்கே குளிராம், குண்டூசி கணினி படிக்கப் போகிறானாம்.

அவள் எனக்குக் குரல் அனுப்பியதற்குக் காரணம் எனக்கு எழுத்துத் தெரியாததுதான். விடியும் முன்பே நான் கிடங்குக்கு மூட்டை இறக்கப் போய்விடுவேன். நான் திரும்பும்போது அவள் சலவைக்குப் போயிருப்பாள். நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டது பெரும்பாலும் போனில்தான். பெரிய சலவை எந்திரங்கள் பின்னால் தடதடவென்று ஓடும். அதற்கு மேல் குரலை ஏற்றிப் பேசுவாள்: சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், பல்பு வாங்கி வாருங்கள், போன தடவை மாதிரி கண்ணைக் குத்துகிற பல்பு வேண்டாம். முடிக்கும்போது தவறாமல், "சரி, வைக்கிறேன்" என்பாள்.

"இது போன் காலா? வைக்க என்ன இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேசினதை எங்கயாவது வைக்கணும்ல" என்றாள்.

எங்கள் மூட்டைத் தொழிலாளர் சங்கத்து அறையில் சாயங்காலம் எழுத்து வகுப்பு தொடங்கியபோது என்னைப் பிடித்துத் தள்ளியதும் அவள்தான். தலைநரைத்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினோம். மூட்டை தூக்கிய கைக்குப் பென்சில் துரும்பு மாதிரி. அழுத்தி அழுத்தி எத்தனை முனை ஒடித்தேனோ. ஆனாலும் வந்துவிட்டது. கூட்டிக் கூட்டியாவது படிக்க வந்துவிட்டது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து குரல் அனுப்புவதை நிறுத்திவிட்டு எழுத்தில் அனுப்பத் தொடங்கினாள். அவள் எனக்கு எழுதிய முதல் செய்தி, 'கேஸ் மூடினீங்களா'. சாப்பிட்டுவிட்டு மறு லோடுக்குப் போய், லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து நான் அதைப் படித்து முடிப்பதற்குள் மேஸ்திரி இரண்டு தடவை திட்டிவிட்டார். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் மூடித்தான் இருந்தது.

கடைசி ஒன்றரை வருஷம் முழுக்க எழுத்துத்தான். இந்த வயதில் படித்துவிட்டாயே என்று எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். அதற்குக் கொடுத்த விலை எனக்கு அப்போது தெரியவில்லை.

போன் பழையது. பேட்டரி உப்பி, முதுகு மூடி பிதுங்கிக்கொண்டு நின்றது. தம்பி கேட்ட பிறகுதான் பயம் பிடித்தது. கடைத்தெருவில் போன் சரிசெய்யும் ஒரு பெண் இருந்தாள். நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணே என்பாள். போனைப் பார்த்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவைத்தாள்.

"அண்ணே, இது போன் இல்ல, வெடிகுண்டு. இதயா காதுல வச்சுப் பேசுறீங்க?"

அவளிடமே ஒரு பழைய லேப்டாப்பை வாங்கி, போனில் இருந்த குரலையெல்லாம் அதற்குள் இறக்கச் சொன்னேன். இறக்கி முடித்த மறுநாள் போன் கண்ணை மூடியது, பிறகு திறக்கவில்லை. நல்லவேளை தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு, அதே நம்பருக்கு வேறொரு போன் வாங்கினேன்.

லேப்டாப்பில் குரல்கள் எண்ணூற்றுச் சொச்சம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத நீளத்தில் எண்களாலான பேர். நடுநடுவே மேஸ்திரியின் குரலும் கலந்து கிடந்தது. முதலில் முப்பதை ஒரு கட்டாக அனுப்பிப் பார்த்தேன். நாலே குரல்தான், அதுவும் முன்பின்னாக, போய்ச் சேர்ந்தது; மீதி போகவே இல்லை. அவற்றைத் திறந்துவிட்டுத் தம்பி கூப்பிட்டான்.

"மாமா, நாலு குரல் வந்துச்சு, நாலும் மேஸ்திரி. என் அக்காவ எதிர்பாத்துத் தெறக்கறேன், 'எங்கடா தொலைஞ்ச'ன்னு ஒருத்தன் கத்தறான். அந்தத் திட்டு எனக்கெதுக்கு? இங்க வாங்கறதே போதும். எல்லாத்தயும் அழிச்சுட்டேன்."

அதனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, மேஸ்திரியைத் தனியாகப் பிரித்தேன். வேலை முடிந்து வந்து கொஞ்சம், ஞாயிறு கொஞ்சம். அவள் குரல் என்று தெரிந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவேன், நேரமாகிறதே என்று. சிலவற்றை நாலு வார்த்தையோடு நிறுத்தினேன். அப்புறம் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மீதி இருந்தது எல்லாம் அவளே. இனி வரிசையாக எண் போட வேண்டும். அக்கா ஒன்று, அக்கா இரண்டு என்று இருந்தால் தம்பி முதலிலிருந்து கடைசிவரை கேட்கலாம். அத்தனையையும் கையால் பேர் மாற்ற என்னால் ஆகாது. "நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தரேன் மாமா. ஒரு தட்டு தட்டினா எல்லாத்துக்கும் அதுவே போட்டுடும்" என்றான் அவன்.

ஹோட்டல் வேலை முடிந்த பிறகு அவன் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படமோ பொத்தானோ இல்லாத ஒரு கறுப்புத் திரை, அதில் எழுத்தாலேயே கட்டளை போட வேண்டும், அதுதான் அவன் படித்தது. இந்தப் படிப்பு முடிந்தால் ஈரக் கை இல்லாத வேலை கிடைக்கும் என்பான். தான் கற்றுக்கொண்டதை வைத்து முதன்முதலில் அவன் செய்ய நினைத்தது இந்த வேலையைத்தான்.

போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினான். ஆங்கில எழுத்து எனக்குப் பெட்டிகளின் மேல் அச்சடித்ததைப் பார்த்துப் பழக்கம். எல்லாம் பெரிய எழுத்து. திரையில் வருவது சின்ன எழுத்து. பெரியதற்கும் சின்னதற்கும் முகஜாடையே இல்லை.

"எல் அடிங்க, எஸ் அடிங்க. உள்ள என்ன இருக்குன்னு காட்டும்."

அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்று திரை சொன்னது.

"மாமா, பெரிய எழுத்துல அடிச்சிருக்கீங்க."

"கீயில பெருசாத்தானே போட்டிருக்கு."

"கீ அப்படித்தான் இருக்கும். நீங்க சின்னதா நெனச்சுக்கிட்டு அடிங்க."

"நெனச்சுக்கிட்டுத்தான்டா அடிச்சேன்."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கினவன் யாரோ எழுந்து கத்தினான். அக்கா போன பிறகு அவன் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

இன்னொரு நாள் கடவுச்சொல் கேட்டது. அடிக்கிறேன், ஒரு எழுத்தும் திரையில் விழவில்லை. கீ கெட்டுவிட்டது என்று லேப்டாப்பைக் கவிழ்த்துத் தட்டினேன். "அது காட்டாது மாமா, உள்ளுக்குள்ள வாங்கிக்கும்" என்றான். வேறொரு நாள் அனுமதி இல்லை என்றது. என் வீட்டில், என் மேசை மேல், என் பெண்டாட்டி குரலைத் தொட நான் யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டேன். அதற்கும் ஒரு கட்டளை வைத்திருந்தான்.

எனக்குப் பழகாதது ஒன்றே ஒன்று. சரியாக அடித்தால் அந்தத் திரை வாயே திறக்காது. ஆச்சு என்றோ முடிந்தது என்றோ ஒரு சொல் வராது. பேசாமல் அடுத்த வரிக்குப் போய்க் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

"ஒண்ணும் சொல்லலன்னா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம் மாமா. தப்பாப் போனாத்தான் கத்தும்."

"எங்க மேஸ்திரி மாதிரி."

"அதே."

கடைசியில் ஸ்கிரிப்ட்டை எழுதி அனுப்பினான். ஏழெட்டு வரி. அதைத் தமிழில் விளக்கவும் செய்தான்: "ஒரு மூட்டைய எடு, மேல நம்பர ஒட்டு, எறக்கி வை. அடுத்த மூட்டைய எடு. தீர்ற வரைக்கும்." அதைத்தான் நான் வாழ்க்கை முழுக்கச் செய்துகொண்டிருக்கிறேன் என்றேன்.

செய்தியில் வந்ததை அப்படியே ஒட்டினால் ஓடவில்லை. செய்தியில் வரும்போது மேற்கோள் குறிகள் வளைந்துவிடுமாம். அந்தத் திரைக்கு நேர்க்குறிதான் வேண்டுமாம். "கையால அடிச்சிடுங்க மாமா. ஒரு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு எடவெளி மாறக் கூடாது. ஞாயித்துக்கெழம எனக்கு டபுள் டூட்டி. நீங்க ஓட்டி வைங்க, நான் முடிஞ்சு வந்து கூப்பிடறேன்."

ஞாயிறு காலையில் உட்கார்ந்தவன் மதியம் வரை அடித்தேன். ஒரு வரி அடிப்பதும், போனைப் பார்ப்பதும், விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்ப்பதும். மூன்று தடவை கத்தியது. ஒரு தடவை இடைவெளி விட்டிருந்தேன், ஒரு தடவை விடவில்லை, ஒரு தடவை அரைப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி. ஒவ்வொன்றாகத் திருத்தினேன். நான்காவது தடவை ஓட்டியபோது கத்தவில்லை. ஒரு கணம் நின்று, அடுத்த வரிக்குப் போய்க் கண் சிமிட்டியது.

நாற்காலியில் சாய்ந்தேன். சங்கத்து வகுப்பில் முதன்முதலாக என் பேரை நானே எழுதிய அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. அவள் இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

பிறகு எல், எஸ் அடித்தேன். சின்ன எழுத்தில்தான்.

இரண்டே பேர் வந்தன. ஒன்று ஸ்கிரிப்ட். இன்னொன்று அக்கா ஒன்று.

மீதி கீழே இருக்கும் என்று திரையை உருட்டினேன். கீழே ஒன்றும் இல்லை. மேலே உருட்டினேன். கறுப்புத் திரையை மூடிவிட்டு, படம் போட்ட ஃபோல்டரைத் திறந்தேன். ஒரு ஃபைல். குப்பைத் தொட்டியைத் திறந்தேன், காலி. மேஸ்திரியின் ஃபோல்டரைத் திறந்தேன். அவர் மட்டும் முழுசாக இருந்தார்.

அக்கா ஒன்றை அழுத்தினேன். முதல் குரல் வரும் என்று நினைத்தேன். வந்தது கடைசிக் குரல்.

"என்னங்க, இதான் கடைசி வாய்ஸு. இனிமே எழுதித்தான் அனுப்புவேன். காதுல கேட்டுட்டு சும்மா இருந்துடலாம்னு பாக்காதீங்க, படிங்க. உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும் கஷ்டம்தான். ஈரத்துல ஊறி ஊறி வெரலு தேஞ்சு போச்சு, போன்ல அமுக்குனா எடுக்கவே மாட்டேங்குது. இருந்தாலும் அனுப்புவேன். சரி, வைக்கிறேன்."

பின்னால் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அன்று தம்பி கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை.

மறுநாள் கிடங்குக்குப் போகாமல் கடை திறக்கும் வரை வாசலில் நின்றேன். தங்கச்சி லேப்டாப்பைத் திறந்து ஸ்கிரிப்ட்டைப் படித்தாள். என் போனை வாங்கி, தம்பி அனுப்பியதைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஒத்துப் பார்த்தாள்.

"நான் எங்க தப்பா அடிச்சேன் தங்கச்சி?"

"நீங்க தப்பே பண்ணல அண்ணே. அச்சு மாதிரி அடிச்சிருக்கீங்க." திரையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "எழுதினதுலயே ஒரு வரி இல்ல. நம்பர் ஒண்ணுல ஆரம்பின்னு இருக்கு. ஒவ்வொரு தடவயும் ஒண்ணு ஏத்துன்னு சொல்ற வரிய விட்டுட்டாரு. அதனால எல்லாத்துக்கும் நம்பர் ஒண்ணுதான். ரெண்டாவது வந்து அக்கா ஒண்ணுன்னு பேர் வச்சுக்கிட்டு உக்காரும்போது, ஏற்கெனவே அங்க இருந்தது போயிடும். மூணாவது வந்தா ரெண்டாவது போயிடும். கடைசியா வந்தது மட்டும் நிக்குது."

"அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்த கேக்காதா?"

"கேக்காது அண்ணே. சொன்னதச் செய்யும். கேட்டுட்டுச் செய்யின்னு எழுதினாத்தான் கேக்கும்."

எல்லா மூட்டையையும் ஒரே இடத்தில் இறக்கியிருக்கிறேன். இறக்க இறக்க அடியில் இருந்தது நசுங்கிப் போயிருக்கிறது. ஒரு சத்தமும் வரவில்லை.

மீட்கப் பார்க்கிறேன் என்று லேப்டாப்பை அவள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துப் போனால், அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். இந்த மாதிரி டிஸ்க்கில் போனால் போனதுதான் என்றாள். தேடியதில் கிடைத்தது, அந்த லேப்டாப்பை எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் ஒரு மூலையில் மறந்துவிட்டிருந்த படங்கள். யாரோ ஒரு குழந்தை பல் தேய்க்கிறது, நாக்கை நீட்டுகிறது, பூனையைத் துரத்துகிறது. நூற்றுக்கணக்கில். அவற்றை அழிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"உங்க மச்சானுக்கு இந்த வரிய நான் எழுதித் தரட்டுமா அண்ணே? இன்னொரு தடவ இப்படி ஆகாதுல்ல."

"அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் தங்கச்சி."

ஞாயிறு மதியத்திலிருந்து திங்கள் காலை வரை, என் கையாலேயே அவளைத் துடைத்து எடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சோறு இறங்காது. கையைப் பார்க்கவே பிடிக்காது. எனக்கு அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைத்தது, நெற்றியைத் தொடக் கிடைத்தது. அவனுக்கு நின்றுபோன ஒரு படம். அவன் தலையில் இதையும் எப்படி ஏற்றுவேன்? ஏற்றினால் அந்தக் கறுப்புத் திரைப் பக்கம் இனி திரும்புவானா? ஈரக் கையோடே நின்றுவிடுவான்.

கடையிலிருந்து வீட்டுக்குப் போய், நானே கூப்பிட்டேன்.

"எங்க போனீங்க மாமா? மூணு நாளா அடிக்கறேன். ஓடுச்சா?"

"மாப்ள, நான் தப்பா அடிச்சிட்டேன்."

"பரவால்ல, திருத்திக்கலாம். என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாம் போயிடுச்சுடா. ஒண்ணுதான் இருக்கு."

விளங்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. நகல் எடுத்து வைத்தீர்களா என்றான். இல்லை என்றேன். அக்கா போனைக் கேட்டான், அது ஆஸ்பத்திரியிலேயே தொலைந்திருந்தது. பழைய போன் என்றான். அது எப்போதோ போய்விட்டது என்றேன். பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, யாரோ அவனை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

"எந்த எடத்துல மாமா தப்பா அடிச்சீங்க?"

"எனக்கென்னடா தெரியும். ஏதோ ஒரு வரிய விட்டுட்டேன் போல."

"ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. உங்கள நம்பிக் குடுத்தேன் பாருங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கறவர்கிட்டப் போயி."

அதற்குமேல் அவன் சொன்னதை எழுதப் போவதில்லை. துக்கத்தில் சொன்னது. கடைசியில், "அந்தப் பணத்த அனுப்பிடுங்க. இனிமே நமக்குள்ள ஒண்ணும் இருக்க வேணாம்" என்றான்.

மிஞ்சிய குரலை அன்றே அவனுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்பதற்கான அடையாளம் விழுந்தது. பதில் இல்லை. அதில் குண்டூசி என்ற பேர் வரவில்லை.

சங்கத்தில் என் பேரில் சேர்ந்திருந்த சேமிப்பை எடுத்தேன். போதாததற்கு, யாரும் எடுக்காத சிமென்ட் லோடுகளை எடுத்தேன். லேப்டாப்பைத் தங்கச்சியிடமே திருப்பி விற்றேன். வாங்கிய விலைக்கே எடுத்துக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் மொத்தமும் சேர்ந்துவிட்டது. பணம் அனுப்பும் கவுன்டரில் படிவத்தை நானே நிரப்பினேன். அவனிடமிருந்து ஒரே சொல் வந்தது: 'வந்தது'.

முதல் ஞாயிறுகள் வந்து போயின. போன் பேசாமல் கிடந்தது. சொல்லாவிட்டால் நல்லபடியாக இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளப் பழகினேன். அவனோடு ஒரே அறையில் இருந்தவன் மூலம், ஹோட்டலை விட்டுவிட்டு ஓர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டான், அதே கறுப்புத் திரை வேலைதான் என்று காதில் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் லோடு இறக்கும்போதுதான் அந்த யோசனை வந்து முதுகில் உட்கார்ந்தது. அவன் எழுதிய அந்த ஏழெட்டு வரி அவன் போனிலேயே இருக்கிறது. என்னால் அதை அழிக்க முடியாது. அவன் நன்றாகப் படிக்கப் படிக்க, அதைப் படிக்கத் தெரிந்தவனாக ஆகிக்கொண்டே வருவான். அவன் முன்னேற வேண்டும் என்று நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் கூடவே அந்த ஏழெட்டு வரியும் கண்முன் வந்து நின்றது.

நேற்று மதியம், கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில், வங்கியிலிருந்து செய்தி வந்தது. என் கணக்கில் நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு ஏறியிருந்தது. அதன் பின்னாலேயே அவன் செய்தி. மூட்டைமேல் உட்கார்ந்து, கூட்டிப் படித்தேன்.

'மாமா புதுசா சேந்த பையன் ஒருத்தன் எழுதுனத இன்னிக்கு சரி பாக்க சொன்னாங்க. நம்பர் ஏத்துற வரி இல்ல. ரூமுக்கு வந்து நான் உங்களுக்கு அனுப்புனத எடுத்து பாத்தேன்.'

அடுத்தது: 'நீங்க தப்பா அடிக்கல.'

அடுத்தது: 'பணத்த திருப்பி அனுப்பிட்டேன். நீங்க குடுக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. எனக்கு போன் பண்ணாதீங்க மாமா. என்னால பேச முடியாது.'

கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன், துண்டித்தான்.

பதில் எழுதலாம் என்று விரலை வைத்தேன். சிமென்ட் தின்ற விரல், அழுத்தினால் எழுத்து விழவில்லை. எழுதினாலும் என்ன எழுதுவது? மைக் படம் போட்ட பொத்தானை அழுத்திப் பிடித்தேன். அவன் அக்கா வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிடத்தான் நினைத்தேன். நாக்கு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

"மாப்ள, பணம் வந்துடுச்சு. கணக்கு முடிஞ்சுது, எனக்கும் உனக்கும் ஒண்ணும் இல்ல. உன் போனுக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கு, எப்ப வேணா அடி." பின்னால் ஒரு லாரி உறுமிக்கொண்டு உள்ளே வந்தது. அதற்கு மேல் குரலை ஏற்றினேன். "சாப்பிட்டியா? பாத்திரம் சத்தம் கேக்கல. சரி, வைக்கிறேன்."